சுழி விழவில்லையா, நிறம் கலங்குகிறதா? குளிர் ஊரில் சவர்க்காரம் ஊற்றுபவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் உருக்கி ஊற்றும் சவர்க்காரம் (பேஸ் என்று கடையில் விற்கிற சவர்க்காரக் கட்டியை உருக்கி, கலர் போட்டு, அச்சில் ஊற்றுவது) செய்யத் தொடங்கியவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கலர் சரியா வரல்ல அக்கா, வேற வாங்கவா?" வாங்காதீர்கள். கலரை மாற்ற முதல் சூட்டை அளந்து பாருங்கள். நாம் பார்த்துப் பழகுகிற வீடியோக்கள் எல்லாம் வெதுவெதுப்பான அறையில் எடுத்தவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான், தகரக் கூரை போட்ட காம்பராவில் விடியற்காலையில் அதுவும் இருக்காது. "ஊற்றிவிட்டு மெதுவாகக் கலக்குங்கள்" என்று வீடியோவில் சொல்லி முடிப்பதற்குள் இங்கே மேலே ஆடை படிந்துவிடும். அது போதாதென்று காற்றில் எந்நேரமும் ஈரம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் கட்டியில் தெரிகிற கோளாறு கீழே எது என்று பாருங்கள்.

இரண்டு சாமான் இல்லாமல் இதைத் தொடரவேண்டாம். ஒன்று, குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி, கேக் சாமான் விற்கிற கடைகளில் இருக்கும். மற்றது ஐசோபுரோப்பைல் அல்ககோல், தெளிக்கிற போத்தலில் ஊற்றி வைத்தது. 70 சதவீதம் போதும். கைக்குப் பூசுகிற ஜெல் சானிட்டைசர் இதற்குச் சரிவராது. இன்னொன்று, அல்ககோல் தெளிக்கும்போது காஸ் அடுப்போ விறகடுப்போ பக்கத்தில் எரியக்கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, குளிருக்கு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டு நிறம் ஊற்றினேன், ஒரே சேற்று நிறமாகிவிட்டது

சூடு கூடிப்போய்விட்டது. 60 பாகைக்கு மேலே இருக்கிற பேஸ் தண்ணீராக ஓடும், இரண்டு நிறமும் அச்சுக்குள் போன உடனேயே ஒன்றோடொன்று கலந்துவிடும், நீங்கள் கலக்கவே தேவையில்லை. சுழிப்புக்கு, அதாவது இரண்டு நிறத்தைச் சுழித்துக் கோலமாக்க, வேண்டியது 48 முதல் 52 பாகை வரை. அந்தச் சூட்டில் பேஸ் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: கரண்டியைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழாமல் கொஞ்சம் தடித்த நூலாக இறங்கும், கப்பின் ஓரத்தில் மெல்லிய வளையமாக ஆடை கட்டத் தொடங்கியிருக்கும், அந்த ஆடையைக் கரண்டி நுனியால் தொட்டால் சுருங்கி உள்ளே போய்க் கரையும். கரையாமல் தோலாக மிதந்தால் நேரம் தாண்டிவிட்டது.

இரண்டு நிறமும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும் என்பதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். வெள்ளை 50 பாகை, நீலம் 60 பாகை என்றால் சூடான நீலம் வெள்ளையை உருக்கிக்கொண்டே போகும், கரை மங்கிவிடும். முழு பேஸையும் ஒரே சட்டியில் 60, 65 பாகைக்கு உருக்கி, பிறகு பிரித்துக் கலர் போட்டு, இரண்டையும் சேர்த்தே ஆறவிடுவது சுலபம். குறைவாக எடுத்த நிறம் சீக்கிரம் ஆறும், அதை ஒரு தட்டால் மூடி வையுங்கள்.

ஊற்றுகிறபோது அச்சின் ஒரு பக்கத்தில் ஒரு நிறம், எதிர்ப் பக்கத்தில் மற்ற நிறம், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில். தனியாகச் செய்கிறவர்கள் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். உயரத்திலிருந்து ஊற்றினால் நிறம் அடிவரை இறங்கும், தாழ்வாக ஊற்றினால் மேலேயே தங்கும், எனவே கையை ஏற்றி இறக்கி ஊற்றினால் வெட்டும்போது உள்ளேயும் கோலம் இருக்கும். அப்புறம் ஓர் ஈர்க்குச்சியால் இரண்டே இரண்டு இழுப்பு, அதிகம் போனால் மூன்று. கை சும்மா இருக்காது, இன்னும் ஒன்று இழுத்தால் இன்னும் அழகாக வரும் என்று தோன்றும். வராது.

நிறத் தெரிவையும் பாருங்கள். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் தொடுகிற இடமெல்லாம் பழுப்புத்தான். சூட்டைச் சரியாகப் பிடிக்கிறவரைக்கும் ஒரு நிறம், ஒரு வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலமும் பச்சையும் கலந்தாலும் கெட்டுப்போகாது, சிவப்பும் மஞ்சளும் கலந்தால் செம்மஞ்சள் வரும், பிழையில்லை.

ஏற்கெனவே சேறாகிப்போனதை மீட்க வழியில்லை. கரிப்பொடி போட்டுக் கறுப்பாக்கி ஒரே நிறக் கட்டியாக ஊற்றிவிடுங்கள், வாங்குபவர்கள் அதையும் விரும்பித்தான் வாங்குகிறார்கள்.

சுழி விழவேயில்லை, கட்டி கட்டியாக நிற்கிறது

இதுதான் அசல் நம்ம ஊர்க் கோளாறு. 45 பாகைக்குக் கீழே இறங்கிய பேஸ் ஓடாது, விழுந்த இடத்திலேயே குவியும், ஈர்க்குச்சியால் இழுத்தால் கோடு வராமல் பிய்ந்து துண்டாக எழும்பும். வெப்பமானி 52 காட்டியதே என்பீர்கள். காட்டியிருக்கும், பெரிய சட்டியின் நடுவில். அதை நூறு கிராம் கப்புகளாகப் பிரித்து, கப்பைக் குளிர்ந்த சிமெந்துத் திண்ணையில் வைத்து, கலர் போட்டு, கிளறி, நடுவில் ஃபோனில் ஒரு படமும் எடுத்து முடிக்கும்போது அந்த 52 எங்கே இருக்கும்?

முதலில் அளவைக் கூட்டுங்கள். இருநூறு கிராமில் சுழிப்புப் பழகுவது சிக்கனமாகத் தெரியும், ஆனால் சின்ன அளவு சட்டென்று ஆறிவிடும், பழகுவதற்கு நேரமே கிடைக்காது. அரைக் கிலோவுக்குக் குறையாமல், தனித்தனிக் குழி அச்சில் அல்லாமல் நீள அச்சில் ஊற்றுங்கள். இரண்டாவது, கப்புகளை வெறும் மேசையில் வைக்காதீர்கள். அகலமான பேக்கிங் தட்டில் கேத்தல் தண்ணீரோடு பச்சைத் தண்ணீர் கலந்து 55 பாகை அளவில் விட்டு, கலர் கப்புகளை அதில் நிற்கவையுங்கள், தண்ணீர் கப்புக்குள் தெறிக்காமல். நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும் அதுவும் பேஸுக்கு அளவுக்கு மிஞ்சிய சூடு, கொதிக்கக் கொதிக்க ஊற்றவேண்டாம். எவர்சில்வர் டம்ளர் சூட்டை வெளியே விட்டுவிடும், தடித்த பிளாஸ்டிக் ஜக் அல்லது சூடு தாங்குகிற பைரெக்ஸ் கண்ணாடி ஜக் நல்லது.

மூன்றாவது, அச்சு. பேஸை அளந்து அளந்து பார்க்கிறவர்கள் அச்சைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இரவு முழுக்க அலுமாரியில் கிடந்த சிலிக்கன் அச்சு 12, 13 பாகையில் இருக்கும், அதில் படுகிற முதல் விரற்கடை அளவு பேஸ் அந்தக் கணமே உறையும், அதனால்தான் பலருடைய கட்டியில் அடிப்பக்கம் ஒரே நிறமாகவும் மேல்பக்கம் மட்டும் கோலமாகவும் இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் அச்சைச் சுடுதண்ணீர்ப் பையின் மேல் வைத்துச் சூடாக்குங்கள், இல்லையென்றால் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து உள்ளே ஒரு துளி ஈரமில்லாமல் துடையுங்கள். துளி தங்கினால் கட்டியில் குழி விழும். பிறகு அச்சைச் சுற்றி ஒரு பழைய துவாய்.

ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டு, முடிந்தால் மத்தியான நேரத்தில் செய்யுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிகிற நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கண்டியிலோ பதுளை டவுனிலோ இருக்கிறவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை.

ஏற்கெனவே இறுகத் தொடங்கிய கப்பை மைக்ரோவேவில் பத்துப் பத்து வினாடியாக, அல்லது சுடுதண்ணீர்த் தட்டில் வைத்து மீட்கலாம். அச்சுக்குள் இறுகிவிட்டதைக் கலக்கி மீட்க நினைக்கவேண்டாம், அப்படியே விட்டு வெட்டிப் பாருங்கள், சில வேளைகளில் பாறைக் கீற்று போல அழகாகவே இருக்கும்.

வெட்டும்போது நிறங்கள் பிரிந்து விழுகின்றன

மேலே சொன்ன ஆடைதான் காரணம். ஒரு நிறத்தின் மேல் தோல் கட்டியபிறகு அடுத்த நிறம் விழுந்தால் இரண்டும் ஒட்டாது. ஒவ்வோர் ஊற்றுக்கும் முன்னால் அல்ககோலைத் தாராளமாகத் தெளியுங்கள், தெளித்து அது காய்வதற்குள் ஊற்றுங்கள். அடுக்கு அடுக்காக ஊற்றுபவர்கள் கீழடுக்கு மேலடுக்கைத் தாங்குகிற அளவுக்கு இறுகினால் போதும், கல்லாக ஆறவிடவேண்டாம். கீழடுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே 52, 55 பாகையில் மேலடுக்கு. குளிர் ஊரில் இந்த இடைவெளி குறைவு, வீடியோவில் சொல்கிற நிமிடக் கணக்கைப் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். ஒருவேளை முழுக்க ஆறிவிட்டால் முள்ளுக்கரண்டியால் மேற்பரப்பை இலேசாகக் கீறி, அல்ககோல் தெளித்து, பிறகு ஊற்றலாம்.

தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் என்று ஆசைக்குக் கூடுதலாகச் சேர்த்தாலும் அடுக்குகள் வழுக்கிப் பிரியும். பேஸில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கலர் புள்ளி புள்ளியாக நிற்கிறது

தூளை நேராகச் சூடான பேஸில் கொட்டினீர்கள். மினுங்குகிற தூளான மைக்கா பரவாயில்லை, கொஞ்சம் கிளறினால் கரைந்ததுபோல் பரவிவிடும். இரும்பு ஒக்சைட் போன்ற ஒக்சைட் தூள்களும், வெள்ளைத் தூளான டைட்டேனியம் டைஒக்சைட்டும், கரிப்பொடியும் பரவாது, கட்டிபிடித்துக்கொண்டு நிற்கும், வெட்டும்போது கத்தியோடு கோடாக இழுபடும். கால் தேக்கரண்டித் தூளுக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் அல்லது அல்ககோல் விட்டு, சின்னக் கிண்ணத்தில் கரண்டியின் முதுகால் நசுக்கிக் களியாக்கிக்கொண்டு பிறகு சேருங்கள். பிறகும் சந்தேகமாக இருந்தால் தேத்தண்ணி வடியில் வடித்துக்கொள்ளுங்கள். அந்த வடியைத் திரும்பக் குசினிக்குக் கொடுக்காதீர்கள்.

மினுக்கம் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிட்டது

பேஸ் மெலிதாக இருக்கும்போது ஊற்றியதுதான். மைக்காவும், களிமண்ணும், தேயிலைத் துகளும் கரைவதில்லை, மெலிதான பேஸில் அடியில் இறங்கிவிடும். 50 பாகை வரைக்கும் கப்பிலேயே மெதுவாகக் கிளறிக்கொண்டிருந்து, தடிக்கத் தொடங்கியபிறகு ஊற்றினால் அவை இருக்கிற இடத்திலேயே உறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் குளிர் நமக்குத்தான் சாதகம், கொழும்பில் இருப்பவர்கள் அச்சுக்குள்ளேயே நெடுநேரம் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். மினுக்கத்துக்குக் கைவினைக்கு விற்கிற கிளிட்டரைப் போடாதீர்கள், அது தோலில் தேய்ப்பதற்குச் செய்தது அல்ல.

டப்பாவில் கடும் ஊதா, கட்டியில் வெளிறிய ஊதா

கலரில் பிழையில்லை, நீங்கள் வெள்ளை பேஸில் போட்டிருக்கிறீர்கள். வெள்ளை பேஸின் வெண்மை டைட்டேனியம் டைஒக்சைட்டால் வருவது, அது எந்த நிறத்தையும் இளம் நிறமாக்கும், மைக்காவின் பளபளப்பையும் மறைத்துவிடும். கடும் நிறம் வேண்டுமானால் கண்ணாடி பேஸில், அதாவது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற பேஸில், போடுங்கள். கண்ணாடி பேஸில் நிறம் ஊடுருவித் தெரிந்து மெலிதாகத் தோன்றினால் அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு வெள்ளை பேஸ் சேர்த்தால் போதும், அடர்த்தி வந்துவிடும், நிறமும் தங்கும். சுழிப்புக்கு எனக்குப் பிடித்தது கண்ணாடி பேஸில் கலர், அதற்குள் வெள்ளை பேஸ் கீற்று.

சரியான நிறம் வந்ததா என்று சூடாக இருக்கும்போது கப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஆறினால் நிறம் மாறித் தெரியும். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்துப் பாருங்கள். நம் வீட்டில் அது ஆற எவ்வளவு நேரம் ஆகும்?

செய்த அன்று கோடு கூராக இருந்தது, சில நாளில் ஒன்றுக்குள் ஒன்று ஊறிவிட்டது

இங்கே சூட்டுக்குச் சம்பந்தமில்லை, இது கலரின் குணம். தண்ணீரில் கரைகிற சாயங்கள், கேக்குக்குப் போடுகிற ஐசிங் கலர் உட்பட, சவர்க்காரத்துக்குள் ஓர் இடத்தில் நிற்காது. கிளிசரினிலும் தண்ணீரிலும் கரைந்து பக்கத்து வெள்ளைக்குள் நடந்து போகும். அதை நிறுத்த எந்த மருந்தும் இல்லை. ஒரே நிறக் கட்டிக்குச் சாயம் போடலாம், சுழிப்புக்குக் கரையாத நிறமிதான் வேண்டும்.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவின் லேபலில் சி.ஐ. (CI, Colour Index) என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஐந்து இலக்க எண் இருக்கும். அது 77இல் தொடங்கினால் பெரும்பாலும் கனிம நிறமி: 77491 சிவப்பு இரும்பு ஒக்சைட், 77492 மஞ்சள், 77499 கறுப்பு, 77007 அல்ட்ராமரீன், 77288 குரோமியம் ஒக்சைட் பச்சை, 77891 டைட்டேனியம் டைஒக்சைட், 77019 மைக்கா. இவை ஊறாது. 19140 மஞ்சள், 42090 நீலம், 16035 சிவப்பு என்று இருந்தால் அது சாயம், ஊறும். மைக்கா என்று எழுதியிருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். கண்ணைப் பறிக்கிற ரோசா, ஊதா, நியோன் நிறங்களில் சில வெறும் மைக்காவின் மேல் சாயம் பூசியவை, 77019க்குப் பக்கத்திலேயே சாயத்தின் எண்ணும் இருக்கும். புறக்கோட்டையில் சின்ன ஷொப்பிங் பையில் நிறுத்துக் கொடுக்கிற லேபல் இல்லாத தூளை வாங்கினால் இதெல்லாம் தெரியவராது. பெயின்ட்டுக்கு விற்கிற ஒக்சைட்டும் வேண்டாம், அது தோலில் பூசுகிற சாமானுக்கென்று பார உலோக அளவு பார்த்துச் செய்தது அல்ல, அழகுசாதனத் தரம் என்று போட்டதை மட்டும் எடுங்கள்.

சோதிக்க ஒரு வழி: வெள்ளை பேஸ் ஒரு துண்டின் பக்கத்தில் நிறம் போட்ட துண்டை ஒட்டி ஊற்றி, உறையில் சுற்றி ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். வெள்ளையின் ஓரம் நிறம் பிடித்திருந்தால் அந்தக் கலர் சுழிப்புக்கு ஆகாது.

மஞ்சள்தூள் போட்டேன், சிவந்து வருகிறது. பீட்ரூட் போட்டேன், மண்ணாகிவிட்டது

குசினிக் கலர்கள். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, இந்த பேஸ்களின் பிஎச் பெரும்பாலும் 9, 10 அளவில் நிற்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் தண்ணீர் சிவக்கிறதல்லவா, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது, சுண்ணாம்பு அளவுக்கு அல்லாமல் கொஞ்சம் மிதமாக, செம்மஞ்சளாக. அந்த நிறம் அழகுதான், ஆனால் வெயில் பட்டால் வெளிறும், தூள் அடியில் படியும், கூடிப்போனால் துவாயில் கறை. அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மஞ்சள் நிறமே வேண்டுமென்றால் மஞ்சள் ஒக்சைட் போடுங்கள்.

செம்பருத்தி, பீட்ரூட், நீலச் சங்குப்பூ மூன்றும் ஏமாற்றுகிற சாதி. ஊற்றுகிற நேரத்தில் கப்பில் பார்க்க உயிரை வாங்குகிற அழகு, பிறகு செம்பருத்தியும் பீட்ரூட்டும் பழுப்பு, சங்குப்பூ பச்சை கலந்த சாம்பல். கீரைச்சாறும் ஸ்பைருலினா என்ற பாசித்தூளும் சில கிழமைக்குப் பச்சை, அப்புறம் காய்ந்த புல் நிறம். சாறாக ஊற்றினால் இன்னொரு கேடும் உண்டு, தண்ணீர் கூடி பேஸ் மென்மையாகும், பூஞ்சணமும் பிடிக்கலாம். நிலைத்து நிற்பவை கொக்கோ, கோப்பி, கரிப்பொடி, களிமண் வகைகள்.

தேயிலையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நம் பக்கம் சவர்க்காரம் செய்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் தேயிலைக்கு வந்துவிடுவோம், உல்லாசப் பயணிகள் கேட்பதும் அதைத்தான். கடும் சாயத்தண்ணியை பேஸில் ஊற்றாதீர்கள், மேலே சொன்ன தண்ணீர்ப் பிரச்சினை. தூளை அப்படியே தூவினால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் சில நாளில் பழுப்பு வளையம் படரும், வெள்ளை பேஸில் அது அழுக்குப் பட்டது மாதிரித் தெரியும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குடித்து முடித்த சக்கையை நன்றாகக் கழுவிச் சாயம் போக்கி, முறுகக் காயவைத்து, அரைத்துப் போடுவது. வளையம் முழுக்கப் போகாது, குறையும். மற்றது, தேயிலை போடுகிற பகுதியை முதலிலேயே கொக்கோவாலோ பழுப்பு ஒக்சைட்டாலோ பழுப்பாக்கி, அதற்குள் வெள்ளைச் சுழி விடுவது. தேயிலை பழுப்புக்குள்ளேயே இருக்கும், வளையம் தெரியாது. வெள்ளைச் சுழிக்குப் பக்கத்தில் இருக்கிற துகள் கொஞ்சம் கறை போடத்தான் செய்யும், பால் தேத்தண்ணி மாதிரி என்று சொல்லி விற்றுவிடலாம்.

வெள்ளைச் சுழி மெல்ல மெல்லப் பழுப்பாகிறது

கலரைச் சந்தேகப்படாதீர்கள், வாசனையைப் பாருங்கள். வனிலா, சொக்லேட், கேக் வாசனைகளில் வனிலின் இருக்கும், அது நாட்கள் போகப் போகப் பழுப்பாகும். வனிலினின் அளவைப் பொறுத்து இளம் சந்தன நிறத்திலிருந்து கடும் பழுப்பு வரை போகும். கராம்பு எண்ணெயும் நிறம் மாற்றும். வனிலா ஸ்டெபிலைசர் என்று விற்கிற திரவம் சில காலம் தள்ளிப்போடும், நிரந்தரம் இல்லை. சுழிப்புச் செய்கிறவர்களுக்கு நல்ல வழி: வெள்ளையாக நிற்கவேண்டிய பகுதிக்கு வாசனையே போடாமல், மற்ற நிறத்துக்கு மட்டும் போடுங்கள். ஆனாலும் தொடுகிற ஓரத்தில் கொஞ்சம் பரவும். கறுவாப்பட்டை எண்ணெய் நம் நாட்டுச் சரக்கு என்பதற்காகப் போடவேண்டாம், தோலை எரிக்கும்.

கட்டி வியர்க்கிறது, சொட்டு நிறமாக வடிகிறது

கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதற்காகத்தான் அது தோலுக்கு நல்லது, அதனாலேயே கட்டியின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறது. சவர்க்காரம் கெட்டுப்போகவில்லை. ஆனால் சாயம் போட்ட கட்டியில் அந்தத் துளி நிறத்தையும் கரைத்துக்கொண்டு வெள்ளைச் சுழியின் மேல் வடியும், அப்போது வேலை முழுக்க வீண். நிறமி போட்டதில் துளி தெளிவாக இருக்கும், துடைத்துவிடலாம்.

எந்த மாதத்தில் எச்சரிக்கை என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, நுவரெலியாவுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் மிஸ்ட்டும். அதே நேரத்தில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும், அவர்களுக்கு ஈரம் வருவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஓடர் எடுக்கிற ஊவாக்காரர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அச்சிலிருந்து எடுத்துத் துடைத்து, அன்றைக்கே, முடிந்தால் அந்த மணியிலேயே, ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாகச் சுற்றுங்கள். "காயட்டும்" என்று இஸ்தோப்பில் அடுக்கி வைக்காதீர்கள். அது வேறு முறையில் செய்கிற சவர்க்காரத்துக்குச் சொன்னது, இது காயவேண்டிய சாமான் இல்லை, வெளியே வைத்தால் ஈரத்தைத்தான் குடிக்கும். ஃபிரிட்ஜ், ஃபிரீசர் இரண்டும் வேண்டாம், வெளியே எடுத்ததும் குளிர்ந்த கட்டியின் மேல் நீர் பிடிக்கும். நம் குளிரில் ஃபிரிட்ஜ் எதற்கு என்றும் கேட்கலாம். சுற்றியபிறகு இறுக்கமான மூடி உள்ள டின்னில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், குசினிக் கேத்தல் பக்கத்தில் அல்ல. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கடை போடுகிறவர்கள் பார்வைக்கு ஒரு கட்டியை மட்டும் திறந்து வையுங்கள், அது வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் மீதி

மேலே நுரைக் குமிழி: கிளறும்போது கரண்டியை அடியிலேயே வைத்துக் கிளறுங்கள், ஊற்றியதும் அல்ககோல் தெளியுங்கள், உடையும்.

பேஸ் மஞ்சளாகி, தடித்து, ரப்பராக இழுபடுகிறது: 70 பாகையைத் தாண்டி நெடுநேரம் அடுப்பில் கிடந்து தண்ணீர் வற்றிவிட்டது. திரும்பத் திரும்ப உருக்கினாலும் இதுதான் நடக்கும். மூடி போட்டு உருக்குங்கள், சின்னத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், மைக்ரோவேவில் இருபது வினாடிக்கு ஒரு தடவை எடுத்துக் கிளறுங்கள். மஞ்சளானதில் வெள்ளையும் நீலமும் எடுபடாது, பழுப்பு, கறுப்புக் கட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நுரை நிறமாக வருகிறது, துவாயில் கறை: கலர் கூடிவிட்டது. அரைக் கிலோ பேஸுக்கு மைக்கா ஒரு தேக்கரண்டி, ஒக்சைட் கால் தேக்கரண்டி, கரிப்பொடி அதிலும் குறைவு. இன்னும் கடும் நிறம் வேண்டுமென்றால் மேலும் தூள் போடாமல் கண்ணாடி பேஸுக்கு மாறுங்கள். கறை படுகிற கட்டியைக் கண்ணாடி பேஸோடு உருக்கிச் சரிபாதியாகக் கலந்து திரும்ப ஊற்றலாம், சூட்டை மட்டும் 65க்கு மேல் விடாதீர்கள்.